மூன்று முறை இழுபட்ட கயிறு

நலம் பெருகுக. மழை தன் நாளில் பொழிக. கடல் தன் கரையில் நிற்க.

கழிமுகம் ஏழும் காத்து, சங்கும் துடுப்பும் பொறித்த கொடி உயர்த்தி, வெண்கழி நாடு முழுவதையும் தம் குடைநிழலில் வைத்து ஆளும் ஆழிநங்கை மாதேவியார், தென்கடல் வாயிலாகிய சங்கணித்துறையைக் காக்கும் சேந்தன் மழவரையருக்கு விடுத்த ஓலை. மழவரையரின் மனையும் மக்களும், துறையும் தோணிகளும், அத்துறையில் வலை உலர்த்தும் குடிகளும் நலமே வாழ்க என்று அரசியார் வாழ்த்துகிறார். வாழ்த்துக்குப் பின் வருவது நற்செய்தி அன்று. அரசியார் சொல்லச் சொல்ல எழுதியவன் ஓலைநாயகம் குழைக்காதன்.

சென்ற தைத் திங்களில் மழவரையர் விடுத்த ஓலை, மயக்கம் தரும் கருங்களி தின்னும் இளைஞர் தம் துறையில் ஒருவரும் இலர் என்று உரைத்தது. நித்திலத்துறையிலிருந்து வந்த ஓலையும் அவ்வாறே இலர் என்றது. இரண்டையும் படிக்கக் கேட்டு அரசியார் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முத்துக்குளிப்போர் மரபு மழவரையர் அறியாதது அன்று. கல்லின் பாரத்தில் கடலடி செல்பவனின் இடையில் கட்டிய கயிற்றைப் படகின்மேல் பிடித்திருப்பவன், அவன் மனைவியின் உடன்பிறந்தானாகவே இருப்பான். தமக்கையின் தாலி அறுவதை எந்தத் தம்பியும் பொறான் என்னும் நம்பிக்கையே அம்மரபுக்கு வேர். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பது சொல்வழக்கு. கடலில் இறங்குகிறவனுக்கோ அந்தத் தயவே மூச்சு. படகு புறப்படும் காலையில் தமக்கைதான் கயிற்றை எடுத்துத் தம்பி கையில் கொடுப்பாள்.

நித்திலத்துறையில் வலம்புரி என்பாள் ஒருத்தி. அவள் கணவன் கடம்பன், அத்துறையில் ஆழம் அஞ்சாதவன் என்று பெயர் பெற்றவன். அவள் தம்பி திரையனுக்குப் பத்தொன்பது வயது. சென்ற ஐப்பசியில் காதுவலியால் துடித்த திரையனின் நாவில், பேரீச்சங்கூடைக்குள் ஒளித்துக் கொணர்ந்த கருங்களியை மருந்து என்று சொல்லித் தடவினான் ஒரு வணிகன். வலி போயிற்று. மூன்று நாள் விலை கேளாமல் கொடுத்தான். நான்காம் நாள் திரையனே அவனைத் தேடிப் போனான். ஆடு தழை கண்ட இடத்துக்குத் தானே போகும் என்பதை அவ்வணிகன் நன்கு அறிந்திருந்தான்.

தம்பியின் மாற்றத்தை முதலில் கண்டவள் வலம்புரியே. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. காரணமின்றிச் சிரித்தான், கைகளைப் புண்ணாகும்வரை சொறிந்தான். ஒரு நாள் அவள் வெள்ளிக் காற்சிலம்பு காணாமற் போயிற்று. கழியில் நழுவிற்று என்று கணவனிடம் சொன்னாள். தம்பி மெலிந்தது ஏன் என்று கடம்பன் கேட்டபோது குளிர்காய்ச்சல் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றாள், பாவம். ஏன் மறைத்தாள் என்று மழவரையர் வினவக்கூடும். துறைதோறும் நட்ட கல்லில், மூன்றாண்டுக்கு முன் அரசியார் பொறிப்பித்த ஆணை நிற்கிறது: களி கொண்ட கை களையப்படும். மோனை அழகு பார்த்து அவ்வரியை எழுதிக் கொடுத்துப் பரிசிலும் பெற்றவன், இவ்வோலையை எழுதும் இதே குழைக்காதன்.

பங்குனி எட்டாம் நாள் காலை, கரையில் பெண்கள் எல்லாரும் நிற்க, வலம்புரி கயிற்றோடு தம்பி முன் வந்தாள். அவன் கண் செருகியிருந்தது. கயிறு சிறிது நேரம் இருவர் கையிலும் இருந்தது. பிறகு அவள் விட்டாள். மூன்றாம் முறை கடம்பன் இறங்கியபோது, உடனே மேலே தூக்கு என்னும் குறியாகக் கயிறு மும்முறை இழுபட்டது. மடியில் கயிறு துள்ளுவதைப் பார்த்துத் திரையன் புன்னகைத்தபடி இருந்தான் என்று அடுத்த படகினன் சான்று உரைத்தான். அப்படகினனே தாவி வந்து இழுத்தபோது கடம்பன் வந்தான், உயிர் வரவில்லை. கழுத்துப் பையில் சிப்பி நிறைந்திருந்தது.

அவைக்குத் திரையனைக் கொணர்ந்தனர்; வலம்புரியும் உடன் வந்தாள். கை களைவதற்கு முன் சொல்வது உண்டோ என்று அரசியார் வினவினார். அக்காளின் காலில் விழுவான் என்று அவையோர் எண்ணினர். அவனோ கை இரண்டையும் நீட்டினான். அவனும் அவன் தமக்கையும் சொன்னவற்றை மெருகிடாமல் அவ்வாறே எழுதுக என்பது அரசியாரின் ஆணை. அவன் சொன்னது: "ஒரே ஒரு உருண்ட குடுங்க தாயே. அப்புறமா கைய வெட்டிக்கிருங்க."

வலம்புரி அழவில்லை. அவள் சொன்னது: "காலையிலயே அவன் கண்ணு சரியில்ல, தாயே. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கயித்தக் குடுத்தேன். சொன்னா எந்தம்பி கை போயிரும்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப எங்க வீட்டுக்காரவுகளே போயிட்டாக. வெட்டுறதுன்னா எங்கையையும் சேத்து வெட்டுங்க. குடுத்த கை இதுதான்."

அரசியார் தாழ்ந்த குரலில், இவள் வாயைக் கட்டியது நம் கல்லே என்று உரைத்தார். குழைக்காதன் தலை நிமிரவில்லை.

திரையனின் கை களையப்படவில்லை. அவன் மருத்துவச்சாலையில் இருக்கிறான். உடம்பு ஆறு திங்களில் தேறலாம் என்றார் மருத்துவர். களியின் வேட்கை தீரும் என்று அவர் உறுதி தரவில்லை. வலம்புரி நாள்தோறும் கஞ்சி கொண்டுபோய் வாயிலில் வைத்துத் திரும்புகிறாள். இன்றுவரை அவன் முகம் பார்க்கவில்லை.

ஆகவே மழவரையருக்கு ஆணை. அக்கூடைகள் முதலில் கரையேறியது சங்கணித்துறையில் என்று பிடிபட்ட வணிகன் ஒப்புக்கொண்டான். உம் பண்டசாலைகளை இன்றே அடைத்துச் சோதித்து, விற்போரைக் கட்டி இங்கு விடுக்க. அவர்களுக்கு இரக்கம் இல்லை. துறைக்கல்லின் அவ்வரியைச் செதுக்கி நீக்குக. களிக்கு அடிமைப்பட்ட பிள்ளையை அழைத்து வரும் தாயையும் தமக்கையையும் தண்டம் தீண்டாது, மருத்துவமே உண்டு எனத் தெருத்தெருவாகப் பறையறைவிக்க. இனி எந்தப் பெண்ணேனும் காலையில் கயிற்றைக் கொடுக்க மறுத்தால், ஏன் என்று எவரும் கேளாதிருக்க. அன்று அப்படகு கரையில் நிற்கட்டும். அவ்வீட்டுக்கு அரிசி அரண்மனைக் களஞ்சியம் தரும். இலர் என்னும் சொல்லை மட்டும் மீண்டும் எழுதி விடுக்கற்க.

சங்கும் துடுப்பும் பொறித்த இலச்சினை இட்டு, பங்குனி இருபத்திரண்டாம் நாள் கழிமாநகரிலிருந்து விடுத்தது. இவ்வாணை வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றாய் நிற்க.

ஒன்று எஞ்சியது. இவ்வோலையைச் சுற்றி வந்தது அரண்மனைப் பட்டுநூல் அன்று. வலம்புரி அவையில் வைத்துச் சென்ற கயிற்றின் ஒரு புரி. படிக்கும் அவசரத்தில் மழவரையர் அதனை அவிழ்த்துக் கீழே போட்டிருப்பார். எடுத்துக் கையில் பிடித்துக்கொள்க.