துணிமீனின் வயிற்றுக்குள்

என் அன்பு அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நீ இருந்திருந்தால், "இன்னும் தூங்கலியாடி? கண்ணு கெட்டுப் போவும்" என்று போனிலேயே திட்டியிருப்பாய். இனியா இப்போதுதான் தூங்கினாள். பகலில் பேனாவைக் கையில் எடுத்தாலே பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் உன்னோடு பேச எனக்குக் கிடைப்பது இந்த நேரம்தான்.

அவளுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. நிறையப் பேசுகிறாள். 'ரி' மட்டும் வாயில் வரவில்லை. உன்னை 'பெய்யம்மா' என்கிறாள். நீ கேட்காமல் போன வார்த்தை அது. மழைக்காலம் வந்துவிட்டது. சாயங்காலமானால் சைகோன் முழுக்க மோட்டார் சைக்கிள்களின் மேல் கலர் கலராக மழைக்கோட்டுகள். ஒவ்வொரு கத்திரிப்பூ நிறக் கோட்டையும் நீயாக இருக்குமோ என்று இன்னும் எட்டிப் பார்க்கிறேன். பைத்தியம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்காக ஊரில் ஒரு கேஸ் நடக்கிறது அக்கா.

உன் ஒற்றைத் தலைவலிக்குக் காரைக்கால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை நினைவிருக்கிறதா? ஊரிலிருந்து யார் வந்தாலும் மிளகாய்த்தூளோடும் அப்பளத்தோடும் பெட்டியில் வந்து சேருமே, அதுதான். அதில் ஒரு பேட்ச் கெட்டது. உனக்குக் கண் மஞ்சளித்த மாதிரியே அங்கேயும் பலருக்கு மஞ்சளித்திருக்கிறது. கம்பெனி சத்தம் போடாமல் அந்த பேட்சைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டதாம். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சேர்ந்து நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனபோது அத்தானும் சேர்ந்துகொண்டார்.

கம்பெனியின் பதில் வந்தது. நீ அந்த பேட்சைத்தான் சாப்பிட்டாய் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். வலி தாங்காமல் 'தானாகவே அளவுக்கு மிஞ்சி' விழுங்கியிருக்கலாமாம்.

நீயா? ஒரு மாத்திரையைக் கடித்து இரண்டாக்கி, மிச்சத்தை மறுபடியும் அட்டைக்குள்ளேயே செருகி, "நாளைக்கு ஆவும்" என்று மூடி வைப்பாயே, நீயா?

அந்தத் 'தானாகவே' ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் மாமியார் வீட்டுப் பக்கம் அதற்கு வேறு அர்த்தம் வைத்துவிட்டார்கள். "புள்ள இல்லியேன்னு மனசு வெறுத்து..." என்று யாரோ இழுத்தார்களாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அத்தான் சோற்றில் கை வைத்தவர், வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு நஷ்டஈடு பற்றி நினைப்பே இல்லை. அந்தச் சொல்லைக் கம்பெனிக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"அட்டையில ஒரு துண்டு இருந்தாக்கூடப் போதுங்க, பேட்ச் நம்பர் தெரியணும்" என்கிறார் வக்கீலம்மா. துண்டுக்கு எங்கே போவது? மருந்துக்கடைக்காரர் அப்பாவின் சிநேகிதர், நமக்கு பில் போட்டதே கிடையாது. இப்போது கேட்டால் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. மிச்சமிருந்த மாத்திரைகளும் இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும், செத்தவங்க மருந்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று ஊரிலிருந்து போனில் சொன்னார்கள். உன் தலையணை, சீப்பு, மருந்துப் பை எல்லாவற்றையும் ஒரு புடவையில் கட்டி, கான் ஹொய் பாலத்துக்குக் கீழே அத்தான் தன் கையாலேயே ஆற்றில் விட்டார். போனது போனதுதான் என்று இருந்தோம், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இனியாவுக்கு முதல் பொம்மை வாங்க நாம் பென் தான் சந்தையில் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சாயத்தில் ஈயம் இருக்கும், கண்ணுக்கு வைத்த பொத்தான் கழன்று தொண்டையில் சிக்கும், எந்த நாட்டிலோ இந்த மாதிரிப் பொம்மையைத் திரும்பப் பெற்றார்கள் என்று நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். "ஏண்டி, பொம்மை வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்று நீ கேட்டாய். தமிழ் தெரியாத கடைக்காரி கூடச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து உன் பழைய கத்திரிப்பூச் சேலையில் நீயே ஒரு மீன் தைத்தாய். பொத்தான் வேண்டாம் என்று கறுப்பு நூலால் கண். பிடித்தால் சரசரவென்று சத்தம் வர, நீ தின்று தீர்த்த மாத்திரைகளின் காலி அட்டைகளை அதன் வயிற்றில் அடுக்கினாய். மூலை குத்தும் என்றேன். ஒவ்வொரு அட்டையின் மூலைகளையும் சின்னக் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டி, இரட்டைத் துணி வைத்து மூடி, "போதுமா, கெமிஸ்ட்ரி மேடம்?" என்றாய்.

உலகத்தில் உள்ள எல்லாப் பொம்மைகளையும் சந்தேகப்பட்டேன் அக்கா. உன் தலைமாட்டில் இருந்த மாத்திரையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இனியா மீனைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்து அமுக்கினாள்.

"பெய்யம்மா பேச்சு!"

"அப்படியா? என்னம்மா சொல்றா பெரியம்மா?"

"சச்சச்ச."

"அதான். உயிரோட இருந்தப்பவும் எனக்கு அதான் கேட்டுச்சு, ஒண்ணும் வெளங்காது" என்று அத்தான் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. விளையாட்டாக இன்னொரு முறை தானே அமுக்கினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கவி, இதுக்குள்ள என்ன வச்சுத் தச்சா?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் உறைத்தது. இத்தனை நாளும் அது உன் குரலாகத்தான் எங்கள் காதில் விழுந்ததே தவிர, மாத்திரை அட்டை என்று யாருக்கும் நினைப்பே வரவில்லை.

"நம்பர் இருக்குமா?" என்றார்.

"ஓரத்துலதான் அடிச்சிருப்பான் அத்தான். அக்கா மூலையெல்லாம் வெட்டிட்டா. தப்பியும் இருக்கலாம்."

மீனை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இனியாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேணாம்மா. இது இல்லாம புள்ள தூங்க மாட்டா. பிரிச்சுப் பாத்து நம்பர் இல்லைன்னு வையி, மீனும் போயி, அவ கையால தச்சதும் போயிடும்."

"அப்ப ஊர்ல பேசுறது அப்படியே நிக்கட்டுங்கிறீங்களா?"

அத்தான் எழுந்துகொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார். "ஆபீஸ்ல ஒருத்தரு வியாழக்கிழமை ஊருக்குப் போறாரு. வக்கீலம்மா கையில நேரா குடுத்துடுவாரு. நீயே முடிவு பண்ணும்மா. என்னால முடியாது."

நாளைக்கு வியாழக்கிழமை.

நேற்று த்ருவோங் டின் தெருக் கோயிலுக்குப் போனேன். இந்த ஊர்ப் பெண்கள் மாரியம்மன் சந்நிதிக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து வேண்டிக்கொள்வார்களே. "அவங்க காதுல போயி சொல்றாங்க, நாம தள்ளி நின்னு தட்டை நீட்டுறோம்" என்று நீ கேலி செய்வாய். நானும் நேற்று அப்படி நெற்றியை வைத்தேன். பிரிக்கட்டுமா என்று கேட்டேன். கல் குளிர்ந்திருந்தது. உன்னைத்தான் கேட்டேனா, அம்மனைக் கேட்டேனா, எனக்கே தெரியவில்லை.

மீனைப் பிரிக்கப் போகிறேன் அக்கா. குழந்தை தூங்கும்போது திருட மனமில்லை. காலையில் அவள் எழுந்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில், அவளை மடியில் வைத்துக்கொண்டே பிரிப்பேன். நம்பர் இருக்கிற அட்டை மட்டும் ஊருக்குப் போகும், மற்றவை அப்படியே உள்ளே போகும். சத்தம் கொஞ்சம் குறையும். இனியா கண்டுபிடித்துவிடுவாள். கேட்டால், பெரியம்மா ஒரு வேலையாக ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வேன். அது பொய்யில்லையே?

ஒன்றிலும் நம்பர் இல்லாவிட்டால்? அதை நினைக்க இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

இருந்தால், கேஸ் முடிந்த அன்றே அந்த அட்டையைத் திரும்பக் கேட்டு வாங்குவேன். இனியா அதற்குள் பள்ளிக்கூடம் போனாலும் சரி, காலேஜ் போனாலும் சரி, அதே மீனுக்குள் அதே இடத்தில் வைத்துத் தைப்பேன். இது சத்தியம்.

ஒரே ஒரு சந்தேகம். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், உன் தையல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குழந்தை நூலைக் கடித்து இழுத்துவிடும் என்று அன்றைக்கு நான் பயந்தேன் இல்லையா, அதற்காக முடிச்சை எங்கேயோ உள்ளே மறைத்திருக்கிறாய். உன் நூலில் கத்தரியை வைக்கக் கை வரவில்லை. முடிச்சு கிடைத்தால் நூல் அறாமல் பிரித்துவிடலாம், அதே நூலால் திரும்பத் தைத்தும் விடலாம்.

எங்கே போட்டாய் அக்கா? வால் பக்கமா, வாய் ஓரமா? சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை,
கவி