எல்லோரும் மேலே பார்த்தபோது

என் தங்கமான கஸ்தூரி அண்ணிக்கு,

நான் வாழ்க்கைப்பட்ட கும்மிடிப்பூண்டிக்கு டெலிவிஷன் வந்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸ் கூடத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் இரும்புக் கம்பெனி ஆட்கள்கூட வந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காற்றடித்தால் படம் ஆடும். நீங்கள் இருந்திருந்தால் முன்வரிசையில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்திருப்பீர்கள், இல்லையா?

போன ஞாயிறு அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேளுங்கள்.

சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று அண்ணன் மெட்ராஸுக்குக் கிளம்பியபோது உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. "அவன தலைமுழுகிட்டேன்" என்று பெற்ற நைனாவே சொல்லிவிட்டார். கடம்பத்தூரிலிருந்து உங்கள் அப்பா வந்து, "எத்தினி நாளு இப்பிடியே குந்தினு இருப்ப? வா, நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்றார். நீங்களும் துணிமணியை மூட்டை கட்டிவிட்டீர்கள். நான் அழுததைப் பார்த்து, போவதற்கு முதல் நாள் என்னை எளாவூர் டூரிங் டாக்கீஸுக்கு அழைத்துப் போனீர்கள்.

மாயாஜாலப் படம். மந்திரவாதியின் குகை வாசலில் பூதங்கள் காவல் நிற்கின்றன. கொம்பு, கோரைப்பல், முகமெல்லாம் கரி. திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"ஏய் வள்ளி, அந்தக் கடைசி பூதம் உங்க அண்ணன்டி."

"போங்க அண்ணி. மூஞ்சியே தெரியல."

"மூஞ்சி எதுக்குடி? ஒரு காலால இன்னொரு காலைச் சொறிஞ்சிக்கினு நிக்கிறாரு பாரு. கொம்பு வெச்சா நிக்கிற தினுசு மாறிடுமா?"

நான் சரியாகப் பார்ப்பதற்குள் கதாநாயகன் அவரை வெட்டிவிட்டான். கொட்டகையே கைதட்டியது. நீங்கள் மட்டும் அழுதுகொண்டே சிரித்தீர்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறார்!

மறுநாள் மூட்டையைப் பிரித்துவிட்டு, உங்கள் அப்பாவைத் தனியாக ரயிலேற்றி அனுப்பினீர்கள். அதற்கப்புறம் ஒரு மாயாஜாலப் படத்தையும் நாம் விடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குப் படங்கள் உள்பட. ஒன்றில் அண்ணன் முனிவருக்குப் பின்னால் தாடி வைத்த சீடர். இன்னொன்றில் நாகலோகத்துக் காவலாளி. அவரை மட்டுமா கண்டுபிடித்தீர்கள்? போன படத்தில் பூதமாக வந்த குண்டு மனிதர் இந்தப் படத்தில் அரண்மனைச் சமையல்காரராக வந்தால், "தோ, நம்ம ஆளு வந்துட்டாரு" என்பீர்கள், சொந்தக்காரர் வாசலில் வந்து நின்றதுபோல. "இவங்கல்லாம் கூட இருக்கற வரைக்கும் அவரு தனியா இருக்க மாட்டாருடி" என்பீர்கள்.

கடைசியில் அவரைத் தேடிக்கொண்டு ஒருநாள் மெட்ராஸுக்கு ரயிலேறினோம். மாயாஜாலப் படம் எடுக்கும் ஸ்டூடியோவை விசாரித்துப் போனால், வாசலில் காவல்காரர் நம்மை உள்ளே விடவில்லை. அந்த நேரம் பார்த்து, கூட்டத்தில் நிற்க ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் ஒருவர் வந்தார். "ஒரு பொம்பள கொறையுது. சும்மா நின்னா போதும். வர்றியாம்மா?"

"கொம்பு வெச்சவங்கல்லாம் உள்ளதான் இருக்காங்களா?" என்று நீங்கள் கேட்டதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். நான் மரத்தடியில் காத்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணனோடு வெளியே வந்தீர்கள். அவர் காதோரம் சாயம் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "பேரு வாங்கினு வரலாம்னு இருந்தேன் வள்ளி. ஒரு படத்துலயும் பேரே போடல. எந்த மூஞ்ச வெச்சினு ஊட்டுக்கு வர்றது?"

"எங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சியே போதும். வாங்க, வண்டி போய்டப் போவுது" என்றீர்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று ரயிலில் உங்கள் காதில் கேட்டேன். "இன்னா நடக்கும்? பாத்தேன். பாத்தாரு." அதற்கு மேல் ஒரு வார்த்தை நீங்கள் சொன்னதில்லை. அண்ணனும் நிலத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார், சினிமாப் பேச்சே எடுப்பதில்லை. அது என்ன படம், வெளியே வந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாமலே போனது. போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டது.

போன ஞாயிறு அவரை வற்புறுத்தி எளாவூரிலிருந்து வரவழைத்தேன். பழைய படம். அரக்கன் ஒருவன் மலை உயரத்துக்கு வளர்ந்து கோட்டையை இடிக்கிறான். ஊர் ஜனங்கள் அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் மேலே பார்க்கவில்லை. பக்கவாட்டில் ஈட்டியோடு நிற்கும் அரக்கன் படையை, தலையைத் திருப்பி ஒவ்வொரு ஆளாகப் பார்க்கிறாள்.

நீங்கள், அண்ணி.

ஓரிடத்தில் உங்கள் பார்வை நின்றது. ஊரே அலறுகிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். அதோடு காட்சி மாறிவிட்டது.

"பாத்தியாண்ணா?" என்றேன்.

"பாத்தேன்" என்றார். பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் மீதியைச் சொன்னார். "அன்னிக்கு நான்தான் மொதல்ல அவளப் பாத்தேன். ஒவ்வொரு மூஞ்சியா தேடிக்கினு வர்றா. அவ என்கிட்ட வர்றதுக்குள்ள ஓடிப் போயிடலாம்னு இருந்திச்சு. அதுக்குள்ள சிரிச்சிட்டா. அப்புறம் எங்க ஓடறது?"

பஸ் வரும்வரை அவர் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைத் தனியாக இருக்க விடமாட்டேன். அந்தப் படம் எந்தக் கொட்டகையில் ஓடினாலும், எவ்வளவு தூரமானாலும், அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களைக் கூடப் பிறந்தவளாகவே நினைத்திருக்கும்
உங்கள் நாத்தனார்,
வள்ளி