தாமஸ் அண்ணன் சும்மா தந்த களம்

அக்டோபர், செவ்வாய் இரவு.

சபைப் பெரியவர்களின் மாலைக் கூடுகைக்கு இடம் கிடைத்துவிட்டது. அதுதான் உறுத்துகிறது. சாப்பாட்டை ஆளுக்கொரு வகையாக வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடலாம், மண்டப வாடகைக்குத்தான் வழியில்லை என்று ஞாயிறு ஆராதனை முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். கரடியூர் தாமஸ் அண்ணன் எழுந்து, தன் தோட்டத்தில் காப்பி காயவைக்கும் களத்தைச் சும்மாவே தருகிறேன் என்றார். தன் வேலிக்கு வெளியே விழுந்த பட்டர் ஃப்ரூட் பழத்தைக்கூட, எடுத்தவரிடம் கேட்டுத் திரும்ப வாங்கிப் போகிற மனிதர்!

காப்பி பறிப்பு நெருங்குகிறது. மழையில் களமெல்லாம் பாசி பிடித்திருக்கும். எங்களை வைத்தே அதைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்து, இன்று சொல்லாமல் போய் நின்றேன். களம் பளிச்சென்று இருந்தது. அண்ணன் கையில் விளக்கமாறு.

"ஏனுங்கண்ணா, நீங்களேவா தேச்சீங்க?"

"பின்னே? வர்றவங்க வழுக்கி உழுந்துட்டா நல்லாவா இருக்கும், அம்மிணி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி நடந்தபோது கூப்பிட்டார்.

"மழை வந்துட்டா கவலப்படாதீங்க. குடோன்ல ஒக்காந்துக்கலாம். உள்ள நொம்ப உர மூட்டை கெடக்குது. நம்ம சபை ஆம்பளைங்க ஆளுக்கு ரெண்டு தூக்கிப் பின்னால ஷெட்டுல போட்டா எடம் ஆயிருமுங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த மாதத்தில் இங்கே மழையில்லாத சாயங்காலம் ஏது? அது அவருக்குத் தெரியாதா? ஒருவேளை நான்தான் வீணாக... ஜன்னலைச் சாத்த வேண்டும். சாரல் நோட்டிலேயே அடிக்கிறது.