பாஸ்போர்ட் பார்க்காத ரயில்

மச்சான், பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசைத் தேடி இன்று அலமாரியைக் கிளறினேன். அதன் பிடியில் உன் அத்தர் வாசம் இன்னும் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் துபாய் சத்வாவில் பெட்டி நிறுத்துக் கட்டிக் கொடுத்தவன் நீ. ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் போகத் திட்டம் போட்டபோதும் உன் முதல் கேள்வி, "ட்ரெயின்ல எத்தன கிலோ விடுவான்?" என்பதுதான். கணக்கே இல்லை என்றேன். நீ நம்பவில்லை.

வெள்ளிதோறும் ஜும்மா முடிந்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி ஃபோனில் ரயில் தேடுவோம். வேக ரயில் வேண்டாம், உள்ளூர் ரயில் போதும். வியன்னாவைச் சுற்றிப் பார்த்தாலும் படுக்கை, ரூம் மலிவான பிராட்டிஸ்லாவாவில்தான். எல்லாம் உன் முடிவு. "ஒரு மணி நேரந்தானே மச்சான். ஷார்ஜால படுத்துட்டு துபாய்ல டூட்டிக்குப் போற மாதிரி," என்றாய்.

விசாவை முதல் தடவை மறுத்துவிட்டார்கள். வேறொருவன் கலாஸ், முடிந்தது என்று விட்டிருப்பான். நீ மறுபடி அலைந்து வாங்கினாய்.

ரயிலில் ஏறியதும் பாஸ்போர்ட்டை எடுத்து, விசாப் பக்கத்தில் விரலைச் செருகிக்கொண்டாய். வெளியே வயலும் காற்றாலையுமாக ஓடின. நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்லோவாக்கியாவுக்கு வந்துவிட்டதாக ஃபோனில் மெசேஜ் வந்தது.

"பார்டர் தாண்டிடுச்சா? ஒருத்தனும் வரலையே!"

இரண்டு நாட்டுக்கும் ஒரே விசா, எல்லையில் சோதனை கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. "எத்தன வருஷம் கஃபீல் மொதலாளி பெட்டில பூட்டிக் கெடந்த பாஸ்போர்ட்டு இது. இப்பத்தான் எங்கையில இருக்கு. யாராச்சும் பாக்க வேணாமா?"

அப்போது டிக்கெட் பரிசோதிக்கும் அம்மா வந்தார். டிக்கெட்டோடு பாஸ்போர்ட்டையும் நீட்டினாய். வேண்டாம் என்று கையசைத்தவர், உன் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கினார். நிதானமாகப் புரட்டி, விசாவைப் பார்த்து, சிரித்தபடி திருப்பித் தந்தார்.

"பாத்துட்டாங்க மச்சான்!" அன்று பிராட்டிஸ்லாவாவில் நீதான் ராஜா.

லீவு முடிந்துவிட்டதால் புடாபெஸ்ட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம். அதற்குள் நீ மௌத்தாகிவிட்டாய். தனியாகப் போவதா என்று வெகுநாள் தயங்கினேன். நேற்று புடாபெஸ்ட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன். முன்கூட்டியே எடுத்ததால் மலிவு, நீ மெச்சியிருப்பாய். நீ இல்லாதது உறுத்துகிறது. ஆனாலும் மனசு சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அங்கேயும் பரிசோதகர் வருவார். டிக்கெட்டோடு பாஸ்போர்ட்டையும் நீட்டுவேன். வேண்டாம் என்றாலும் கையை மடக்கப் போவதில்லை.