விமானம் குறையாக நிற்கிறது

மதினி,

இன்று ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்க டப்பாவுக்குள் கையை விட்டேன். உங்கள் விமானம் விரலில் குத்திவிட்டது. அந்தத் தகர விமானம்தான். கட்டைவிரல் நகத்தளவு, பின்பக்கம் ஓர் ஊக்கு. அதை அங்கே போட்டு மூடியது நீங்கள். "பேய்க்குப் பெருங்காய வாடை ஆகாது. கிடக்கட்டும் ஏட்டி" என்று சொல்லிப் போட்டீர்கள். அதன் பிறகு எத்தனையோ கட்டிப் பெருங்காயம் அந்த டப்பாவில் கரைந்துபோயிற்று. நான் இதை வெளியே எடுக்கவே இல்லை. விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வாயெல்லாம் கசக்கிறது.

காலையில் காப்பிக் கடையில் பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் போய் நம்மவர்கள் சர்க்கார் வந்தாயிற்று அல்லவா, அவர்களும் சண்டை விமானம் வாங்கப்போகிறார்களாம். விலை அநியாயம் என்றார் ஒருவர். எந்தப் பெரிய மனுஷனுக்கு வேண்டியவன் வாங்கித் தருகிறானோ என்றார் இன்னொருவர். பழைய குருடி கதவைத் திறடி என்று சொல்லிக்கொண்டே நான் அந்த இடத்தைக் கடந்து வந்தேன். சிரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய், மலாய்க்குக் கப்பல் ஏறிய வருஷம் அது. குத்துக்கல்வலசை வீட்டில் நீங்களும் நானும்தான். நான் காலையில் தென்காசிக்கு நடந்துபோய்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். நீங்கள் வயலைப் பார்ப்பீர்கள். என்னைவிட உங்களுக்கு வயது கொஞ்சம்தான் கூட. ஆனால் காதில் உங்கள் அம்மா போட்டுவிட்ட பாம்படம், தோளைத் தொட்டுக்கொண்டு ஆடும். தலையைத் திருப்பினால் ஒன்றோடொன்று முட்டி, கிளுக் கிளுக் என்று கேட்கும்.

"கிழவிக் காது மதினி உங்களுக்கு. கழற்றி எறிஞ்சுட்டுத் தோடு போடுங்க" என்று நான் கேலி செய்வேன்.

"போ ஏட்டி. உங்க அண்ணன் வரப்புல நிக்கும்போது இந்தச் சத்தத்தை வச்சுத்தான் சோறு வருதுன்னு கண்டுபிடிக்காவ. தோடு போட்டா பசியில செத்துருவாவ" என்பீர்கள்.

அந்தப் பேச்சை நான் இத்தனை நாள் நினைவு வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

யுத்தத்துக்கு ஒரு விமானம் வாங்கிக் கொடுக்க நம் வட்டாரத்தில் கமிட்டி போட்டார்கள். ஊர் நிலத்துக்கெல்லாம் வரி வாங்கும் மிட்டாதார் தலைவர். அவருக்கு ராவ் பகதூர் பட்டத்தின் மேல் கண். முதல் தடவை வசூலில் பணம் சேர்ந்தும் விட்டது. அப்போதே அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் விமானத்தின் மூக்கில் என்ன பெயர் எழுதுவது என்று சண்டை வந்தது. மிட்டாதார் தன் அப்பா பெயர் என்றார். பாவூர்சத்திரத்துப் பக்கத்துப் பண்ணையார், அவரும் கமிட்டியில் இருந்தவர், "எங்க ஆளுக பணம், உங்க அப்பன் பேரா?" என்று எழுந்து போனார். ஆளுக்கொரு பெரிய அதிகாரியைப் பிடித்தார்கள், ஆளுக்கொரு துரைக்கு மாம்பழக் கூடை அனுப்பினார்கள். பணம் அப்படியே கிடந்தது. கிடந்த நாளில் விமானத்தின் விலை ஏறிவிட்டது. எஞ்சினுக்கு இவ்வளவு கூட, துப்பாக்கிக்குத் தனி என்று சீமையிலிருந்து தகவல் வந்தது. அதனால் இரண்டாம் வசூல். இது இப்போது ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் எனக்கும் விழாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாம் வசூலுக்கு வந்த தமுக்குக்காரன் என்ன சொல்லி அடித்தான் என்று நீங்கள் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினீர்கள். "விமானம் குறையா நிக்குது! விமானத்துக்குப் பொன்னு வேணும், பொருளு வேணும்! கொடுக்குதவங்க குடும்பம் விளங்கும்!" ஏரப்பிளேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை பாவி. நம் ஊரில் விமானம் என்றால் கோயில்தான். அதிலும் குறையாக நிற்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். இடி விழுந்து பிளந்து, தலையில்லாமல் தலைமுறைக் கணக்காக நிற்கும் தென்காசிக் கோயில் ராஜகோபுரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் வேறு எதை நினைப்பார்கள்? கோபுரம் வேறு, விமானம் வேறு என்று எந்த உழவன் வீட்டில் பிரித்துப் பார்த்தார்கள்? திருப்பணி தொடங்கிவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள். கமிட்டிக்காரர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டார்கள். தாலிக் குண்டு முதல் வெண்கலக் குத்துவிளக்கு வரை வந்து குவியும்போது எவன் வாயைத் திறப்பான்?

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உங்கள் காது இரண்டும் வெறும் தொள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மதினி இது?"

"விமானத்துக்குக் கொடுத்தேன். உங்க அண்ணன் முழுசா வந்து சேரணும்னு."

"வந்த பிறகுல்லா நேர்ச்சை செலுத்துவாங்க?"

"முன்னாடியே கொடுத்துட்டா சாமி மறுக்க முடியாதுல்லா ஏட்டி" என்று சிரித்தீர்கள். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நானும் சிரித்தேன்.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் விழா என்று ஆள் வந்து அழைத்தான். பொன் கொடுத்தவர்களுக்கெல்லாம் மரியாதையாம். நீங்கள் குளித்து, அரக்குச் சேலை கட்டி, பிரசாதம் வாங்கி வர ஒரு சம்படமும் எடுத்துக்கொண்டீர்கள். அந்தச் சம்படத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது.

அருவிக்கு எதிரே பந்தல். தண்ணீர் அலறிய அலறலில் மிட்டாதார் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மேலே மலையை மேகம் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய படுதாவில், இறக்கை விரித்து நம் மேல் பாய்ந்து வருகிற மாதிரி ஒன்றை எழுதியிருந்தார்கள். நனைந்து சாயம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதென்ன ஏட்டி, கருடனா?" என்று என் காதில் கேட்டீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குமாஸ்தா ஒருவன் வந்து இந்தத் தகர ஊக்கை உங்கள் கையில் வைத்தான்.

"நான் விமானத்துக்குல்லா கொடுத்தேன்?" என்றீர்கள்.

"இதுவும் விமானந்தான் தாயி. அது நிக்கும், இது பறக்கும்" என்றான்.

"பறந்து என்ன செய்யும்?"

"சுடும்."

நீங்கள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாமிக்கென்று நினைத்துக் கழற்றியது அப்படி ஆகக் கூடாது, திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினீர்கள். உருக்கியாயிற்று என்றான். சரி, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன் என்றீர்கள். அவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குனிந்தான். "பேரு தகராறு தீரலை தாயி. வெறுமனே விட்டுட்டாங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நனைந்துகொண்டே ஒன்றையே சொன்னீர்கள். "பேரில்லாம அலையுதது பேயில்லாம வேற என்னட்டி?"

அந்தச் சாரல் முடிவதற்குள் உங்களுக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. துணி உலர்த்தும்போது கையை நிறுத்துவீர்கள். "வருது பாரு. மேகத்துக்குள்ள." எனக்குக் காற்றும் தூறலும்தான் கேட்கும். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் மதினி, உங்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் மேகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பியபோதெல்லாம், அந்த வெறும் காதுகளிலிருந்து கிளுக் கிளுக் என்று எனக்குக் கேட்டது. சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன்.

பிறகு சிங்கப்பூர் விழுந்தது. அண்ணனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. அன்றிலிருந்து நீங்கள் தினமும் கோயில் வாசலுக்கு நடந்தீர்கள். உள்ளே போகமாட்டீர்கள். பிளந்த கோபுரத்தடியில், ஆளைத் தள்ளும் அந்தக் காற்றில் நின்று, மேலே தெரிகிற ஆகாயத் துண்டைப் பார்த்துப் பேசுவீர்கள். ஒரு நாள் பின்னால் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டேன். "காணிக்கைதான் இடம் மாறிப்போச்சு. ஆளை மாத்திராத" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். குளிர்காய்ச்சல் வந்து படுத்தபோதும் அதையேதான் சொன்னீர்கள். வேறு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது.

அண்ணன் வந்துவிட்டான், மதினி. யுத்தம் முடிந்து, ஊரெல்லாம் அவனை மறந்த பிறகு ஒரு சாரல் நாளில் வாசலில் வந்து நின்றான். எலும்பும் தோலும். பல் பாதி இல்லை. கை கால் மட்டும் முழுசாக இருந்தது. உங்களைத் தேடினான். சொன்னேன். அழுவான் என்று பார்த்தேன், அழவில்லை. கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவ பாம்படம் எங்கட்டி?" என்றான்.

நான் பதில் சொல்லுமுன் அவனே சொன்னான். "ஜப்பான்காரன் காட்டுக்குள்ள எங்களை ஒரு கொட்டகையில போட்டுருந்தான். ரயில் பாதை வெட்டுத வேலை. ஒருநாள் மத்தியானம் மழை, நம்ம சாரல் கணக்கா. ஏரப்பிளேன் சத்தம் கேட்டுச்சு. எல்லாவனும் குப்புறப் படுத்துட்டான். நானும் படுத்தேன். படுத்தா, அந்தச் சத்தத்துக்குள்ள கிளுக் கிளுக்னு கேக்குது. அவ வரப்புல சோறு கொண்டு வருத சத்தம். என்னையறியாம எந்திச்சுட்டேன். 'படுலே, படுலே'ன்னு கத்துதானுவ. நான் பாட்டுக்கு மழையில நடக்கேன், பசியில. மரத்துக்கிட்ட போயிருப்பேன். பின்னால கொட்டகையைச் சல்லடையாச் சுட்டுட்டுப் போயிட்டு. நம்ம பக்கத்து ஏரப்பிளேன்தான். எதிரின்னு நெனச்சுட்டான்."

"உள்ள இருந்தவங்க?"

அண்ணன் கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தான். "ஒருத்தனும் எந்திக்கல. அது என் தலைக்கு மேலதான் போச்சு. எல்லா ஏரப்பிளேன் மூக்குலயும் பேரு எழுதியிருக்கும். அதுல மட்டும் ஒண்ணும் இல்ல. எழுத வேண்டிய இடம் வெறுந்தகரமா இருந்துச்சு."

மதினி பாம்படத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள், நீ முழுசாக வரவேண்டுமென்று, என்றேன். அவன் அப்போதுதான் அழுதான். "அதான் வந்துட்டேன்லா" என்று அழுதான். அதற்குமேல் நான் சொல்லவில்லை. எந்த விமானத்துக்கு என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

உங்கள் நேர்ச்சை நிறைவேறிவிட்டது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். படுகிறேன். ஆனால் அந்தக் கொட்டகையில் படுத்திருந்தவர்களுக்கும் ஊரில் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்களே? அவர்களும் எதையாவது கழற்றிக் கொடுத்திருப்பார்களே? அவர்கள் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று? மிட்டாதாருக்குப் பட்டம் கிடைத்தது. பண்ணையாருக்கு இப்போது கதர்ச்சட்டை கிடைத்திருக்கிறது. கோபுரம் மட்டும் பிளந்தபடியே நிற்கிறது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தகரமல்ல. ஒரு பழக்கம். கிளுக் என்று எது கேட்டாலும், கிணற்றுச் சங்கிலியோ மாட்டுச் சலங்கையோ, நான் இருந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுகிறேன். வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அண்ணன் எழுந்ததால் பிழைத்தான்.

மலையில் மேகம் இறங்கிவிட்டது. சாரல் வரும் வாடை. நேற்றிலிருந்து அண்ணன் முற்றத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறான், என்ன என்று கேட்டால் சும்மா என்கிறான். இப்போது இதை எழுதும்போதே உள்ளேயிருந்து, நீங்கள் படுத்திருந்த அறையிலிருந்து, கிளுக் கிளுக் என்று கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது; திரும்பிப் பார்த்தான். போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நின்றபடியேதான் இந்தக் கடைசி வரியைக் கிறுக்குகிறேன்.

எழுந்துவிட்டோம் மதினி. எந்தப் பக்கம் நடக்க வேண்டும், சொல்லுங்கள்.