பத்து லட்சத்து ஒன்றும் அத்தையும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? பிரிஸ்பேனில் அத்தையும் நானும் சுகமாக இருக்கிறோம்.

பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா, இல்லை வேறு எண்ணால் வகுபடுமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி கல்லூரியில் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை முழுக்கச் சின்ன எண்களால் வகுத்துப் பார்த்தேன், மசியவே இல்லை. ஞாயிறு காலையில் அத்தை பேனாவைப் பிடுங்கிவிட்டார்.

"ஓய்வுநாள்ல கணக்கும் வேலைதான்டி."

அத்தை சொன்னால் அப்பாவே மறுபேச்சுப் பேசமாட்டார், நான் எம்மாத்திரம்?

ஆலயத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பிரசங்கத்தின் நடுவே பளிச்சென்று புரிந்தது. மூன்று நூறுகளைப் பெருக்கினால் பத்து லட்சம். ஓர் எண்ணை இப்படி மூன்று முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அந்த எண்ணைவிட ஒன்று கூடியது, இங்கே நூற்றொன்று, அதை மீதியில்லாமல் வகுத்தே தீரும்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: "பிரிஞ்சுதா?"

"எது, அத்தை?"

"ஜெபம் பண்றவளுக்கு விரல் ஏண்டி ஓடுது? அந்த நம்பர்தான்."

"நூத்தியொண்ணால பிரிஞ்சுது."

"ஆண்டவர் சும்மா குடுத்தா அது வேலைல சேராது. வா, லூ ஆறிடும்."

லூவில் சேப்பங்கிழங்கு இலைக்குள் மடித்த இறைச்சி நன்றாக வெந்திருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

நம் ஊர் வழக்கப்படி ஆலயத்துக்கு உடைமேல் சுற்றிக் கட்டிக்கொள்ள, உங்கள் இடுப்புப் பாய் ஒன்றை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் கட்டிய பழையதே போதும். தேங்காயெண்ணெய் வாசனை போகாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, வாசலில் அத்தை ஹார்ன் அடிக்கிறார்.

விடை கிடைத்ததும் உங்களிடம் சொல்லத்தான் பக்கத்தில் திரும்பினேன், அம்மா.

மெலெனாய்தே