தூக்கம் கெட்ட கரடி

அன்புள்ள அம்மாவுக்கு,

புரகோப்பி வணக்கத்துடன் எழுதுகிறேன். உன் மூட்டு வலி தேவலையா? மான்கள் நலமா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சுரங்க முகாமில் நாங்கள் சாப்பிடும்போது, கரடித் தாத்தா சமையலறைக் கதவைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார். அவர் குகையில் தூங்க வேண்டிய நடு ஜனவரியில்! சமையல்காரன் லூக்காவைச் சுவரில் அறைந்ததில் அவனுக்கு மூன்று விலா எலும்பு போயிற்று. கோடரியோடு குறுக்கே விழுந்த என்னை வலது தோளில் கவ்வி உலுக்கினார். மேஸ்திரி க்ளெப் நான்கு குண்டு சுட்ட பிறகுதான் தாத்தா என்னை விட்டுவிட்டுச் செத்து விழுந்தார்.

தோலை உரித்தால் கொழுப்பே இல்லை, வெறும் எலும்பு.

"குளிருக்கு முன்னாடி ஒழுங்கா தின்னிருக்க மாட்டான், சோம்பேறிப் பய" என்று சிரித்தார் க்ளெப்.

"நல்லாத்தான் தின்னாரு. நாமதான் அவரு தூங்குற குகை மேல மூணு தடவ வெடி வெச்சோம். ஒவ்வொரு தடவ முழிக்கிறப்பவும் உடம்பச் சூடாக்கவே பல நாள் கொழுப்பு எரிஞ்சுபோகும். வசந்தம் வரைக்கும் வெச்சிருந்தத நாம எரிச்சுட்டோம்" என்றேன்.

கொன்றது மனிதர் இல்லை, அண்டங்காக்கைகள் என்று தாத்தாவின் ஆவி நம்ப, நம் வழக்கப்படி காக்கை போலக் கரைய வேண்டுமே! வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பனியில் அவருடைய மூச்சுத் துளையை முதல் நாளே பார்த்தும் சொல்லாமல், ஒவ்வொரு தடவையும் "விலகுங்க!" என்று கத்திவிட்டு மூன்று வெடித் திரிகளையும் பற்றவைத்தவன் நான்தான் அம்மா.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. தபால் வண்டி கிளம்புகிறது. இதைப் படித்ததும் வெளியே போய் எனக்காக நீ கரைந்துவிடு. என் குரல் அவருக்குத் தெரியும்.

புரகோப்பி